அரங்கேற்றத்திற்குப் பின்



கலைக்கென வாழ்ந்தோரைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அரங்கேற்றத்திலிருந்து தொடங்குகிறேன். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பரதம் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்கு அந்நாளே ஆட்டத்தின் இறுதி நாளாகிவிடுகிறது. மண்டபம், பட்டு, விருந்து, நிழற்படம் எல்லாம் முடிந்தபின் சலங்கை அலமாரிக்குள் போய்விடுகிறது. தேர்வும் பல்கலைக்கழகமும் காத்திருக்கின்றன. பெற்றோரைக் குறைகூற நான் வரவில்லை.

ஆயினும் அரங்கு ஏறுதல் என்பது தொடக்கமல்லவா? சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் முன் ஆடித் தலைக்கோலும் 1,008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அவளுடைய கலைவாழ்வு அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கிறார். ஓர் ஆட்டத்தின் பின்னே எத்தனை வாழ்வுகள் இருக்கின்றன என்பதை அறிந்தவர் அவர்.

அத்தகைய வாழ்வுகள் இம்மண்ணிலும் உண்டு. கோபால் ஷெட்டி – ராதா இணையரும், சிவதாஸ் – வத்சலா இணையரும் இங்கே தலைமுறைகளுக்கு ஆடல் கற்பித்தனர். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தோற்றுவித்த 'டெம்பள் ஆப் பைன் ஆர்ட்ஸ்' என்னும் நுண்கலைக் கோயிலுக்கு அவர்களே ஆணிவேராயினர். பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள அதன் அன்னலட்சுமி உணவகம், உண்டவர் மனமுவந்து தருவதை ஏற்கும் வழக்கத்தால் பெயர்பெற்றது. கலையை விலைபேசத் தயங்கியவர்கள் சோற்றையும் விலைபேசத் தயங்கினர் போலும்!

இன்னொருவர் ராம்லி இப்ராகிம். மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் கற்றவர். சிட்னி நடனக் குழுவில் ஆடியவர். அடையாறு லட்சுமணனிடம் பரதமும், தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் பயின்று, 1983இல் சூத்ரா நடன அமைப்பை நிறுவினார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பரதம் அவருக்குப் பாட்டன் சொத்தன்று. மரபைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. அழகைத் தவிர வேறெது அவரை அழைத்திருக்கக் கூடும்? நமக்கோ, மரபைக் காத்தோம் என்று சொல்லிக்கொள்ள ஓர் அரங்கேற்றமே போதுமானதாகிவிட்டது.

கலைஞர் தொடர்ந்து ஆட வேண்டுமெனில் காண்போர் தொடர்ந்து அமர்ந்திருக்க வேண்டும். ஆண்டு விழாக்களில் தம் பிள்ளையின் உருப்படி முடிந்ததும் குடும்பத்தோடு எழுந்து செல்வோரைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை நானும் அவ்வாறு எழுந்தவன்தான். நான் வாயிலைக் கடந்தபோது, உள்ளே வேறொரு பிள்ளையின் தில்லானா தொடங்கியிருந்தது.