ஊர்ப் பெயரை வசையாக்குவது யார்?

(எர்ணாவூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எர்ணாவூர்க்காரன், திருவொற்றியூர்க்காரன் என்று சொன்னாலே நகரத்தின் தெற்கே சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். வடசென்னைக்காரன் என்றால் ரௌடி, குடிகாரன் என்று சினிமாவும் சொல்லிக் கொடுத்துவிட்டது. துறைமுகத்தில் சரக்கைக் கையாளுகிறவன் ரௌடியா? மின்சாரத்துக்காக அனலில் வெந்தவன் ரௌடியா? வெளிச்சம் ஊர் முழுவதற்கும். சாம்பலும் புகையும் நமக்கு! 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்ததே, அது யார் செய்த ரௌடித்தனம்?

வசைச் சொல்லின் வலி நமக்குத் தெரியும். அப்படியிருக்க, அதே சொல்லை நாம் பிறர்மீது வீசலாமா? பீகார், ஒடிசாத் தொழிலாளியை “வடக்கன்” என்று ஏசுகிறோம். தஞ்சை வயலில் நடவுக்கு வரும் மேற்கு வங்கத்தாரையும் விடுவதில்லை. “அவன் வந்தான், கூலி குறைந்தது” என்கிறோம். கூலியை நிர்ணயித்தவன் அவனா? “நீ வராவிட்டால் அவன் வருவான்” என்று நம்மை மிரட்டுகிறான் காண்டிராக்டர். “வாயைத் திறந்தால் ஊருக்குப் போ” என்று அவனை மிரட்டுகிறான். இரண்டு மிரட்டலிலும் லாபம் ஒருவனுக்கே! ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறையாத கூலி தரவேண்டும் என்று 1979-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதை ஏட்டிலே தூங்கவிட்டவர்கள் யார்?

பம்பாயை நினைத்துப் பாருங்கள். பிழைக்கப் போன நம்மவரை அங்கே “மதராஸி” என்றார்கள், லுங்கியைக் கேலி செய்தார்கள். 1966-ல் தோன்றிய சிவசேனை, மராத்தியர் வேலையைத் தென்னாட்டார் பறிக்கிறார்கள் என்று கூச்சலிட்டது. முடிவு என்ன? 1970 ஜூன் 5-ல், பரேல் ஆலைப் பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்றவர்கள் சிவசேனைக்காரர்கள். தேசாய் மதராஸி அல்ல, தோழர்களே; மராத்தியர்! மதராஸிக்கு எதிராகத் தீட்டிய கத்தி, மராத்தித் தொழிலாளியின் தலைவர்மீதே பாய்ந்தது.

2023 மார்ச்சில் வேறு மாநிலச் சண்டைக் காட்சிகளைக் காட்டி, தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்லுகிறார்கள் என்று பொய் பரப்பினார்கள். பயந்து எத்தனையோ பேர் ரயிலேறினார்கள். நம்மிடையே நெருங்கிய பழக்கம் இருந்திருந்தால் அந்தப் பொய் ஒரு நாள் தாங்கியிருக்குமா?

2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்தது. 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அசாம் பக்கமிருந்து வந்த ஏழைகள். விழுந்த இரும்பு, எந்த ஊர் என்று யாரையும் கேட்கவில்லை. நாளை அந்தச் சாரத்தின்கீழ் நம் பிள்ளையும் நிற்கலாம்.

எனவே சொல்லுகிறேன்: வெளிமாநிலத் தொழிலாளியைச் சங்கத்தில் சேருங்கள். நோட்டீசை அவன் மொழியிலும் அச்சடியுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி, உயரத்தில் ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் பாதுகாப்பு – இந்த இரண்டையும் அவனோடு சேர்ந்து நின்று கேளுங்கள். அன்றைக்கு, “நீ இல்லாவிட்டால் அவன்” என்று காண்டிராக்டர் மிரட்ட முடியாது!