மென்பொருள் தொழிலுக்கு முதல் எங்கிருந்து வரவேண்டும்?

(காரைக்குடி வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

நமது வட்டாரத்துக் கல்லூரிகளில் கணினிக் கல்வி பயின்று வெளிவரும் இளைஞர்கள் சிலர், வேலை தேடி வெளியூர் செல்லாமல் தாமே மென்பொருள் நிறுவனம் தொடங்க விரும்புகின்றனர். அவ்விருப்பம் போற்றத்தக்கது. ஆயினும், "நிலத்தை அடகு வைத்து முதல் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கு விடை கூறுதல் எளிதன்று. அது பற்றியே இன்று பேச விழைகிறேன்.

மென்பொருள் என்பது கணினிக்கும் கைப்பேசிக்கும் இடும் கட்டளைகளின் தொகுப்பாகும். 2020 முதல் ஊராட்சிக் கணக்குகளைப் பதிவு செய்யப் பயன்படும் இ-கிராம் சுவராஜ் ஒரு மென்பொருளே. இத்தொழிலுக்கு ஆலையும் கிடங்கும் வேண்டுவதில்லை. பொருளைச் செய்து முடித்து வாடிக்கைக்காரர் கிடைக்கும் வரையில், வேலை செய்வோரின் ஊதியத்திற்கே முதலின் பெரும்பகுதி செலவாகிறது. அக்காலம் எவ்வளவு நீளும் என்று எவராலும் அறுதியிட்டுக் கூறவியலாது. ஒருபோகம் பொய்த்தாலும் நிலம் மிஞ்சும். விலை போகாத மென்பொருளில் மிஞ்சுவது அனுபவம் ஒன்றே. ஆகவேதான் இதற்குக் கடன் கேட்டால் ஈடு கேட்கப்படுகிறது.

முதல் வரும் வழிகள் நான்கு

முதலாவது, வாடிக்கைக்காரர் தரும் பணம். 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் அவர்தம் கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம் இன்று ஸோஹோ என்னும் பெயரால் விளங்குகிறது. அந்நிறுவனம் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு விற்காமல், விற்பனை வருவாயைக் கொண்டே வளர்ந்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அதற்கு அலுவலகம் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்தோர்க்கு உதவித்தொகை தந்து பயிற்சியளிக்கும் முறையையும் அது நெடுநாட்களாக நடத்தி வருகிறது.

இரண்டாவது, அரசின் தொடக்க நிதி. தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் தான்சீட் என்னும் திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் அளித்து வந்துள்ளது. மகளிர் நடத்தும் நிறுவனங்கள், ஊரக வாழ்வுக்கு உதவும் நிறுவனங்கள் போன்றவற்றுக்கு 15 இலட்சம் என வகுத்துள்ளது. விண்ணப்பிக்க விரும்புவோர் அவ்வியக்கத்தின் மதுரை வட்டார மையத்தை அணுகலாம்.

மூன்றாவது, பங்கு வாங்கும் முதலீட்டாளர். இது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. முதலாளி பணம் போட, ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் கடந்து கொண்டுவிற்கச் செல்வார். தவணை முடிவில் இலாபத்தில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும். இன்றைய முதலீட்டாளரும் தொழில் நட்டமடைந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால், பத்தில் ஒன்றிரண்டு பெருவெற்றி பெற்று மற்றவற்றின் நட்டத்தை ஈடுகட்டும் என்பதே அவரது கணக்கு. ஆகவே விரைந்த வளர்ச்சியையே அவர் எதிர்பார்ப்பார். நிருவாகத்திலும் அவருக்குக் குரல் உண்டு. நிதானமாக வளரும் தொழிலுக்கு அப்பணம் ஒவ்வாது.

நான்காவது, நிலத்தை ஈடாக வைத்து வாங்கும் கடன். இதன் விளைவைக் கண்டறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1930க்குப் பின் நெல் விலை வீழ்ந்தபோது பர்மிய உழவர்களால் கடனைத் தீர்க்க இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் வசமான விளைநிலம், 1938இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. பின்னர் விடுதலை பெற்ற பர்மாவின் நில உடைமைச் சட்டங்களால் அந்நிலங்கள் நகரத்தாரின் கையையும் விட்டுச் சென்றன. வாங்கியவரும் இழந்தார், கொடுத்தவரும் இழந்தார். வருவாய் உறுதியற்ற தொழிலுக்கு நிலத்தைப் பணயம் வைத்தல் தகாது என்பதே என் கருத்து.

ஊருணி போன்ற மென்பொருள்

அப்படியாயின் முதலில்லாதவர் யாது செய்வது? அவர்க்கு உதவுவது திறந்த மூல மென்பொருள். இதன் கட்டளைகளை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிறர்க்கும் வழங்கலாம். நம் ஊருணியைப் போல் இது பொது உடைமை. ஊருணி நீருக்கு விலையில்லை. ஆயினும் தூர்வாரவும் கரை காக்கவும் ஆள் வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி பெறுவதே இத்தொழிலின் அடிப்படை.

அமெரிக்காவின் ரெட் ஹாட் நிறுவனம் லினக்ஸ் மென்பொருளைப் பராமரித்து, ஆண்டுச் சந்தா பெற்று வளர்ந்தது, 2019இல் ஐ.பி.எம். அதனை ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம், கணக்கு, இருப்பு, ஊதியம் முதலியவற்றைக் காக்கும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டு, அதனைத் தன் பொறுப்பில் இயக்கித் தருவதற்கும் உதவி புரிவதற்கும் கட்டணம் பெறுகிறது. அடிப்படைப் பகுதியை இலவசமாகத் தந்து, கூடுதல் வசதிகளுக்கு மட்டும் விலை வைப்போரும் உளர். 2024இல் ஸெரோதா நிறுவனம் இத்தகைய மென்பொருள்களுக்கு ஆண்டுதோறும் 10 இலட்சம் டாலர் நிதியளிக்கும் திட்டத்தை அறிவித்தது.

இதிலும் இடர் உண்டு. நாம் உழைத்து வெளியிட்டதைப் பெருநிறுவனம் ஒன்று எடுத்து விற்றல் கூடும். அவ்வாறு நேர்ந்தமையால் எலாஸ்டிக் என்னும் நிறுவனம் 2021இல் தன் உரிமத்தை மாற்றியது; 2024இல் மீண்டும் திறந்த உரிமத்தையும் சேர்த்தது. எனவே உரிமத்தைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்து தெரிவு செய்தல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நம் வட்டாரத்தில் அரிசி ஆலைகள், உரக்கடைகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஆத்தங்குடி டைல்ஸ் செய்வோர் எனப் பலர் உளர். புதிய மென்பொருளை முற்றிலும் தாமே எழுதுவதற்கு முன், ஆயத்தமாக உள்ள திறந்த மூல மென்பொருளை இவர்களில் ஒருவருக்குத் தமிழில் அமைத்துக் கொடுத்து, ஆண்டுக் கட்டணம் பெற நம் இளைஞர் முயலட்டும். பணம் தரும் மூன்று வாடிக்கைக்காரர் கிடைத்த பின்னர் அரசு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். முதலீட்டாளரை நாடுவது அதற்கும் பின்னரே. பெற்றோர் உதவ விரும்பினால், திரும்பி வராவிடினும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையை மட்டும் தருக. அதற்கும் ஒரு கால வரையறை வைப்பது நலம்.

ஊராட்சியின் பணத்தை எந்நிறுவனத்திலும் முதலிடுதல் நம் பணியன்று. ஆனால் பயன்படாதிருக்கும் பொதுக் கட்டடத்தின் ஓர் அறையை, விதிகளுக்கு உட்பட்டு, மின்வசதியுடனும் இணைய இணைப்புடனும் குறைந்த வாடகைக்கு அளிக்கலாம். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தமையால், 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் திறக்கப்பெற்றது. அத்தகு கொடை நம்மால் இயலாது. ஓர் அறையும் முதல் வாடிக்கைக்காரரும் இயலும். இவ்விரண்டையும் தேடித் தர ஊராட்சிகள் முன்வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.