சிங்காநல்லூர்: குளத்துக்கரை ஊர்



கோவையிலிருந்து திருச்சி, மதுரை போகிறவர்களுக்குச் சிங்காநல்லூர் பஸ் ஏறுகிற இடம். 1981-இல் கோவை மாநகராட்சி ஆனபோது சிங்காநல்லூர் நகராட்சி அதில் சேர்ந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இது நகரத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான். ஆனால் இது நொய்யல் ஆறு ஈன்ற ஊர். அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆற்றுக்குத் தென்புறம் வெள்ளலூர். அங்கே 1842-இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த வணிகம் இந்த ஆற்றையொட்டிக் கொடுமணல், கரூர் வரை சென்றது. அந்தப் பெருவழியின் ஓரத்தில்தான் நாம் குடியிருக்கிறோம்.

ஆற்றில் அணை, அணையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் முடிவில் குளம். நம் முன்னோர் நொய்யல் நெடுகச் செய்த ஏற்பாடு இது. மேற்கே சாரல் பொழிந்து ஆறு புரண்டு வரும் சில நாள் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, ஆண்டு முழுக்கக் கிணறுகள் ஊறச் செய்தார்கள். 288 ஏக்கர் பரப்புள்ள சிங்காநல்லூர்க் குளம் அந்த வரிசையில் ஒன்று. இந்த ஊரின் தலையாய அடையாளம் எதுவென்று கேட்டால், கோயிலையும் சொல்ல மாட்டேன், ஆலையையும் சொல்ல மாட்டேன், குளத்தைத்தான் சொல்வேன்.

1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பருத்தி விளைந்த சீமையில் நூற்பாலைகள் பெருகின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போனார்கள். அந்தத் தொழிலாளர்களுக்காகப் போராடிய தியாகி என்.ஜி. ராமசாமி 1943-இல், முப்பது வயதை ஒட்டி மறைந்தார். அவர் பெயரில் இங்கே பள்ளி நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அவர் யாரென்று பெற்றோர் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் திருச்சி சாலையில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) இங்கே எடுக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) படமும் இங்கே உருவானதுதான். அதற்கு வசனம் எழுத வந்த கலைஞர் சிங்காநல்லூரில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். பின்னாளில் முதலமைச்சரான இருவர் இளவயதில் நம் தெருக்களில் நடந்திருக்கிறார்கள். சென்னைக்கு நிகராகக் கோவையில் படம் எடுத்த காலம் அது. ஸ்டுடியோ இன்று இல்லை. பல ஆலைகளின் சங்கும் ஓய்ந்துவிட்டது.

குளம் மட்டும் இருக்கிறது. 2017-இல் மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இங்கே உண்டு. கரையோரம் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. ஆனால் சாக்கடை நீர் இன்னும் வந்து சேர்கிறது, ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடுகிறது. அறிவிப்புப் பலகை வைத்தால் மட்டும் குளம் பிழைக்காது. ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் சுத்தமாக வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே உள்ளே விட வேண்டும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஆலையில் உழைத்த, ஸ்டுடியோவில் வேலை பார்த்த முதியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் சொல்வதை இந்த ஆண்டே எழுதி வையுங்கள். குளத்து வாய்க்காலில் குப்பை கொட்டுவதைக் கண்டால் பேசாமல் போகாதீர்கள். வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.