வாசலில் நிற்கும் குப்பைத் தொட்டி

(பல்லேபொலவில் உழவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மொழியுரிமையும் நிலவுரிமையும் பேசப்படுகின்ற மேடையிலே நாம் இன்று குப்பைத் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். பொருள்தான். ஒரு நாட்டின் ஆட்சி எப்படி நடைபெறுகிறது என்பதை அறியத் தலைநகரின் மாளிகைகளைப் பார்க்கவேண்டுவதில்லை. அந்நாட்டுக் குடிமகன் ஒருவனின் வீட்டுப் படலையருகே கிடப்பது யாது, அது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பார்த்தாலே போதும்.

இம்மாத்தளை மாவட்டத்தின் தெருக்களிலே நடந்து பாருங்கள். மிளகும் கராம்பும் சாதிக்காயும் பலாவும் தென்னையும் செறிந்து நிற்கும் வீட்டுத் தோட்டங்களுக்குப் பேர்போன மண் இது. அத்தகைய வளவுகளின் முகப்பிலே இன்று நிற்பவை யாவை? வெடித்த பிளாஸ்ரிக் வாளி, துருவேறிய தகரப் பீப்பா, வாய் கட்டிய பொலித்தீன் பை, அதன்மேல் இன்னொரு பை! கழிவேற்றும் வண்டி இன்று வருமோ நாளை வருமோ என்று தெரியாத இடத்தில், ஒருநாள் வெளியே வைத்த தொட்டி வாரம் முழுவதும் அங்கேயே நிற்கிறது. இரவிலே நாய் இழுக்கிறது. விடிந்ததும் காகம் கொத்துகிறது. மழை பெய்தால் ஊறிய அழுக்கு வடிகானுக்குள் இறங்குகிறது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் ஓரத்தை விட்டு நடுவீதியிலே நடக்கின்றனர். முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதை நாளின் முதல் வேலையாகக் கொண்ட மக்கள் நாம். பெருக்கிய குப்பையை அதே முற்றத்தின் ஓரத்திலே காவல் வைத்திருக்கும் நிலைக்கு எவ்வாறு வந்தோம்?

இது கண்ணுக்கு அழகன்று என்பதோடு முடிகின்ற காரியமன்று. உயிரோடு தொடர்புடைய காரியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு சேற்றுக் குட்டையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் சிறிதளவு நீரையே நாடுகிறது. மூடியற்ற தொட்டியின் அடியிலே, கழன்று கிடக்கும் மூடியின் குழியிலே, அருகே எறியப்பட்ட சிரட்டையிலே, தயிர்ச் சட்டியிலே அது முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாள்களுக்குள் முட்டை முழு நுளம்பாகிவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் வண்டி நுளம்புக்கு வசதியாக வருகிறதேயன்றி மனிதனுக்கு வசதியாக வரவில்லை. 2017 ஆம் ஆண்டு இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. 400 பேருக்கு மேல் மாண்டனர். நுளம்பு பெருகத்தக்க கலங்களைத் தன் வளவிலிருந்து அகற்றுவது ஒவ்வொருவரின் சட்டக் கடமை என்று 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆகவே, தொட்டியை வாசலில் விட்டுவைப்பவர் குற்றவாளியாகலாம். அத்தொட்டியை வெறுமையாக்க வராத சபைக்கோ யாரும் அபராதம் விதிப்பதில்லை. இது நியாயமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பெரியோர்களே! இந்தத் தொட்டி எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். 1883 ஆம் ஆண்டின் இறுதியில், பாரிசு நகரை நிருவகித்த புபேல் என்னும் அதிகாரி ஓர் ஆணை பிறப்பித்தார். வீட்டுக் கழிவைத் தெருவில் கொட்டலாகாது. வீட்டுச் சொந்தக்காரர் மூடியுள்ள கலங்களை வைக்கவேண்டும் என்பது அவ்வாணை. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஆயின், அவர் கேட்டது ஒரு கலமன்று, மூன்று கலங்கள்: அழுகுவனவற்றுக்கு ஒன்று, தாளுக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் சிப்பிக்கும் ஒன்று. உலகம் அவருடைய கலத்தை எடுத்துக்கொண்டது, பிரிப்பை விட்டுவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டு மூடிவிட்டால் தூய்மை வந்துவிடும் என்று நம்பியது. நம் வாசலில் நிற்பது அந்த நம்பிக்கையின் மிச்சமே.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது? 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு அன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் நகரத்தின் குப்பை மலை சரிந்து குடிசைகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் புதைந்தன. யாருடைய குப்பை அது? அங்கே செத்தவர்களுடைய குப்பையன்று. பெரிய வீடுகளின் வாசலிலிருந்து தொட்டி தொட்டியாய் ஏற்றிச் சென்று, ஏழைகளின் வாசலிலே கொட்டிய குப்பை. 'குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது' என்று நம் முன்னோர் உவமையாகச் சொன்னார்கள். நம் காலத்தில் அது உவமையாக நிற்கவில்லை.

தொட்டிக்குள் இருப்பது யாது? இலங்கையின் வீட்டுக் கழிவிலே பாதிக்கு மேற்பட்டது உக்கிப் போகும் பொருள்தான். மரக்கறித் தோல், தேங்காய்ப் பூவின் சக்கை, தேயிலைச் சாயம், மிஞ்சிய சோறு, முற்றத்துச் சருகு, பலாச் சக்கை. இவை மண்ணிலிருந்து வந்தவை, மண்ணுக்கே உரியவை. நாற்றமும் ஈயும் புழுவும் இவற்றாலேயே வருகின்றன. இந்தப் பாதியை வீட்டின் பின்வளவிலேயே நிறுத்திக்கொண்டால், முன்வாசலுக்கு வருவது போத்தலும் தாளும் தகரமும் பிளாஸ்ரிக்குமே. அவை நாறா, நாயை அழையா, ஒரு கிழமை வீட்டினுள்ளே காத்திருக்கக் கூடியவை.

உழவர் பெருமக்களே, இதை உங்களுக்கு நாம் சொல்லித்தரவேண்டுமா? 'வயலுக்குக் குப்பை போட்டாயா?' என்று கேட்பது நம் உழவர் வழக்கு. அங்கே குப்பை என்றால் எரு. ஒரே சொல் வயலில் செல்வமாகவும் தெருவில் அருவருப்பாகவும் இருப்பதற்குக் காரணம் பொருளன்று, இடமே. 'எருச் செய்வதை இனத்தான் செய்யான்' என்று பழமொழி கூறிய நாம், அந்த எருவைப் பொலித்தீன் பையில் கட்டித் தெருவில் வைக்கிறோம்.

2021 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே ஆணையால் தடைசெய்தது. சேதனப் பசளை போதிய அளவில் நாட்டில் இல்லை. சீன நாட்டிலிருந்து அதனைக் கப்பலில் வருவித்தார்கள். தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் அதில் உள்ளன என்று நம் தாவரத் தடுப்புக் காப்பு நிலையம் கண்டறிந்தமையால் அந்தச் சரக்கு இறக்கப்படவில்லை. எனினும் 2022 ஆம் ஆண்டு சனவரியில் அக்கம்பெனிக்கு 69 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுக்கப்பட்டது. பயிர் பசியால் வாடிய அதே மாதங்களில், நம் நகரங்களின் வாசல்களிலே எருவாகக் கூடிய பொருள் அழுகிக் கிடந்தது. 2021 ஆம் ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. உழவன் அடைந்த நட்டமோ நீங்கவில்லை. குப்பை எரு ஒன்றினாலேயே இந்நாட்டின் நெல்லை விளைவித்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. அதன் தழைச்சத்து குறைவு என்பதை உழவர் அறிவர். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கும் மிளகுக் கொடிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அது உற்ற துணை. களைத்த மண்ணை இளக்கி ஈரத்தைப் பிடித்துவைக்க அதற்கு நிகரில்லை.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். 2007 ஆம் ஆண்டிலேயே நம் மாத்தளை நகரில், மாநகர சபையும் செவனத என்னும் தொண்டு நிறுவனமும், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் ஆணைக்குழுவின் துணையோடும், தாக்கா நகரத்து வேஸ்ட் கன்சேர்ன் நிறுவனத்தின் அனுபவத்தோடும், கழிவிலிருந்து கூட்டெரு செய்யும் நிலையம் ஒன்றை அமைத்தன. வீட்டிலேயே பிரித்த கழிவைப் பெற்று எருவாக்கி விற்பதே அதன் முறை. பெரிய எரியுலையும் வேண்டியிருக்கவில்லை. மலைபோல் குவிக்க நிலமும் வேண்டியிருக்கவில்லை. நம் மாவட்டத் தலைநகரிலேயே செய்து பார்த்த முறையை நம் பிரதேசத்தில் செய்ய இயலாது என்று எவரும் சொல்லமுடியாது.

வீட்டிலே செய்வது இன்னும் எளிது. நிழலான மூலையில், நீர் தேங்காத மேட்டிலே ஒரு குவியல். ஈரக் கழிவு ஒரு பங்கென்றால் சருகும் வைக்கோலும் இரண்டு மூன்று பங்கு. காற்றுப் புகும்படி கிழமைக்கொரு முறை கிளறவேண்டும். உள்ளே சூடு பிறந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நாற்றம் பிறந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் சருகு போடுக. மீனும் இறைச்சியும் மேலே கிடக்கலாகாது, ஆழப் புதைக்கவேண்டும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் கருமண் கைக்கு வரும். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: வண்டி வரவில்லை என்று பொலித்தீனை வளவில் எரிப்பது. அந்தப் புகை முதலில் புகுவது எரித்தவர் வீட்டுக் குழந்தையின் நெஞ்சிலேயே.

இனி உரிமைக்கு வருவோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94, 95 ஆம் பிரிவுகள், வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றும் பொறுப்பைச் சபையிடமே ஒப்படைக்கின்றன. சேர்த்த குப்பை சபையின் சொத்து என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே வண்டி வருவது தவிசாளர் ஒருவரின் தயவன்று. சட்டம் தந்த உரிமை. ஆயின், இதே சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. தோட்டம் கம்பெனி நிலம், ஆகவே லயத்துக்கு வீதியில்லை, விளக்கில்லை, குப்பை வண்டியில்லை என்றனர். 2018 ஆம் ஆண்டு பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. முப்பத்தோராண்டுத் தடை ஏட்டிலே நீங்கிற்று. வாக்குச் சீட்டு லயத்துக்கு வரும்போது, வண்டியும் லயத்துக்கு வரவேண்டாவா? லயத்திலே பின்வளவும் இல்லை, முன்வளவும் இல்லை. ஒரு குடும்பத்தின் வாசல் அடுத்த குடும்பத்தின் வழி. அங்கே தொட்டி நின்றால் குழந்தை விளையாட இடமில்லை. வரிசை தோறும் ஒரு பொதுக் கூட்டெருக் குழியும், தவறாமல் வரும் வண்டியும் அங்கேதான் முதலில் வேண்டும்.

தொட்டியே இல்லாத தெரு உலகில் உண்டா? உண்டு. தைவான் நாட்டிலே குப்பை நிலத்தைத் தொடலாகாது என்பது கொள்கை. குறித்த நேரத்தில் வண்டி இசையெழுப்பிக்கொண்டு வரும். மக்கள் தத்தம் பையோடு வந்து கையாலேயே கொடுப்பர். அந்த இசை யாது தெரியுமா? பல இடங்களில் பீதோவன் அமைத்த மெட்டு. நம் ஊர்களில் பாண் விற்கும் முச்சக்கர வண்டி எழுப்புகின்ற அதே மெட்டு! பாண் வண்டியின் ஓசை கேட்டதும் காசோடு ஓடிவருகிறோமே, ஏன்? அது நேரம் தவறாமல் வருகிறது. குப்பை வண்டியும் அப்படி வருமானால், தொட்டியை வாரம் முழுவதும் வாசலில் நிறுத்தும் தேவை எவருக்கும் இராது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சபை செய்யவேண்டியது: ஒவ்வொரு வீதிக்கும் ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் கிழமையில் எந்த நாள், எந்த நேரம் வண்டி வரும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுக, அந்நாளில் வருக, பிரித்துக் கொடுத்ததை வண்டியிலே மீண்டும் கலக்காதொழிக. 2016 நவம்பர் முதல் பிரிக்காத குப்பையை ஏற்பதில்லை என்று அறிவித்தார்கள். பிரித்ததை ஒன்றாகக் கொட்டும் வண்டியைக் கண்ட மக்கள் மீண்டும் எப்படிப் பிரிப்பார்கள்? வீட்டார் செய்யவேண்டியது: உக்குவதைப் பின்வளவில் நிறுத்துக, எஞ்சியதை வண்டி வரும் நாளன்றி வெளியே வையாதிருக்க, வெறுந்தொட்டியை அன்றே உள்ளே எடுத்துக் கவிழ்த்து வைக்க. படித்தவர் செய்யவேண்டியது: சட்டப் பிரிவைக் காட்டி மனு எழுதத் தெரியாத மக்களுக்கு அதை எழுதிக் கொடுக்க, சபைக் கூட்டத்துக்குச் சென்று விடை கேட்க, விடை வரும்வரை மீண்டும் மீண்டும் செல்க.

பெரிய உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் சமூகம் சிறிய உரிமையைக் கேட்க வெட்கப்படலாகாது. தெருக்குப்பையை அகற்றுவிக்க வலிமையில்லாத மக்களின் வேறெந்தக் கோரிக்கையையும் ஆள்வோர் பொருட்படுத்தார். அடுத்த சபைக் கூட்டத்தின் நாளைக் கேட்டறிந்துகொண்டு இங்கிருந்து கலைவோமாக.