தலைவாயிற் கதவு

டில்லியில் வீடு கட்டும் நம்மவர் பலர், தலைவாயிற் கதவின் பளபளப்பைக் கண்டே விலை பேசிவிடுகின்றனர். மெருகு மரத்தின் குறையை மறைக்கும். ஆதலால் மெருகேற்றாத கதவையே முதலிற் பாருங்கள். தேக்கின் வயிரம் பொன்னிறப் பழுப்பு. கறையானை எதிர்த்து நிற்கும். வெளிறிய ஓரமரமோ அதற்கு எளிதில் இரையாகும்.

அதனினும் முக்கியம், மரம் நன்கு உலர்ந்திருத்தல். ஈரமரம் மே மாத வெயிலிற் சுருங்கி வெடிக்கும். பின்னர் ஆடி மழையில் உப்பி, நிலையிற் சிக்கும். ஒட்டுப்பலகைக் கதவாயின், ஐ.எஸ். 2202 என்னும் எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று நோக்குங்கள்.

இரு கடைகளின் விலையை ஒப்பிடுமுன், நிலை, கீல், பூட்டு, பொருத்துகூலி ஆகியவை அதில் அடக்கமா என்று கேளுங்கள். மெருகைப் பின்னரும் ஏற்றலாம். மரத்தை மாற்ற இயலாது.