சாவியைப் போடாதீங்க சார்!

(தலைப்பு: தவறைத் திருத்துவது தண்டனையா? மன்னிப்பா? – ‘மன்னிப்பே’ அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் சொன்னார், “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்” என்று. சரிங்க ஐயா. அதுக்குப் பதில் சொல்ல நான் பள்ளிக்கூடத்துக்கும் போகலை, போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகலை. நேரா பெட்ரோல் பங்க்குக்குப் போறேன். (சிரிப்பு)

எனக்குப் புதுச்சேரி மூலக்குளம். விழுப்புரம் போகிற ரோடு. புதுச்சேரியில் பெட்ரோல், டீசலுக்கு வரி குறைவு என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து ஜில்லாக்காரர் யார் வந்தாலும் டாங்க்கை நிரப்பாமல் ஊர் திரும்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்துப் பங்க்குகளில் திருவிழாக் கூட்டம். அதிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் கார். ஒன்று பெட்ரோலில் ஓடும், ஒன்று டீசலில் ஓடும். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்!

அப்படி ஒரு ஞாயிறு. குடும்பத்தோடு ஒருவர் வந்தார். அவர் கார் டீசல். “ரெண்டாயிரத்துக்கு” என்றார், போனில் பேசிக்கொண்டே. எதைப் போடணும் என்று அவரும் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை. பெட்ரோல் குழாயை மாட்டிவிட்டான். பணம் வாங்கும்போதுதான் டாங்க் மூடியில் ‘டீசல்’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போச்சு. ஆனா கத்தினான் பாருங்க: “சாவியைப் போடாதீங்க சார்! தப்பா பெட்ரோல் போட்டுட்டேன்!”

நடுவர் அவர்களே, அந்த ஒரு வார்த்தையின் விலை என்ன தெரியுமா? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அந்த டீசலில் எண்ணெய்ப் பசை உண்டு. அதுதான் உள்ளே இருக்கும் பம்ப்பைத் தேயாமல் காப்பாற்றுகிறது. பெட்ரோல் போனால் அந்தப் பசையைக் கழுவிவிடும். இரும்போடு இரும்பு உரசும். உரசிய தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போய் அடைக்கும். சாவி போடாத வரை டாங்க்கைக் கழுவினால் போதும். ஓட்டிவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஆயிரத்தில் முடிகிற செலவு லட்சத்தில் போய் நிற்கும்.

அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே? குழாயில் மிச்சம் இருக்கிற டீசலில் கார் கொஞ்ச தூரம் போயிருக்கும். வில்லியனூர் தாண்டி நின்றிருக்கும். யார் தப்பு என்று யாருக்குத் தெரியும்? பயந்தவன் அதைத்தான் செய்வான்!

கார்க்காரர் கையை ஓங்கிக்கொண்டு இறங்கினார். மேனேஜர் குறுக்கே வந்தார். “சார், இவன் வாயைத் திறந்ததாலதான் உங்க இன்ஜின் பிழைச்சுது. செலவு எங்களுது. இவன் சம்பளத்துல பிடிக்கப் போறதும் இல்லை” என்றார். காரைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். மெக்கானிக் வந்து டாங்க்கைக் காலி பண்ணினார். அன்றிலிருந்து அந்தப் பங்க்கில் ஒரு சட்டம்: “பெட்ரோலா டீசலா” என்று வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் குழாயைத் தொடணும். (கைதட்டல்)

எதிரணியில் கேட்பார்கள், “மன்னித்தால் பொறுப்பு எப்படி வரும்?” என்று. பாப் ஹூவர் என்று ஓர் அமெரிக்க விமானி. 1922-ல் பிறந்தவர், 2016-ல் மறைந்தார். அவருடைய பிஸ்டன் இன்ஜின் விமானத்தில் ஒரு இளைஞர் தவறாக ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார். மேலே ஏறியதும் இன்ஜின்கள் நின்றன. எப்படியோ இறக்கி உயிர் தப்பினார். கீழே வந்து அந்தப் பையனைத் திட்டவில்லை. தோளில் கை போட்டு, நாளைக்கும் என் விமானத்தை நீயேதான் கவனிக்கணும் என்றாராம். டேல் கார்னகி புத்தகத்தின் 1981 திருத்திய பதிப்பில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

அதோடு விட்டாரா? இல்லை. டாங்க்கின் வாயைக் குறுக்க ஒரு வளையம் வந்தது. அதில் நுழையவே முடியாத அகலத்தில் ஜெட் எரிபொருள் குழாயும் வந்தது. ‘ஹூவர் நாசில்’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். தண்டனை, ‘யார் செய்தது?’ என்று கேட்கும். மன்னிப்புதான் நடுவர் அவர்களே, ‘ஏன் நடந்தது?’ என்று கேட்கும்! (கைதட்டல்)

அடுத்தவரை நடுங்க வைக்காதே என்று சொல்ல வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். நம்ம வீட்டில் என்ன நடக்கிறது? மார்க் ஷீட்டை மகன் மறைக்கிறான். நகையை அடகு வைத்ததைக் கணவர் மறைக்கிறார். காஸ் அடுப்பில் கசிவு இருக்கிறதைச் சொன்னால் மாமியார் திட்டுவாங்கன்னு மருமகள் மறைக்கிறாள். பயத்தில் மறைத்த தவறுதான் குடும்பம் என்கிற வண்டியை நடுரோட்டில் நிறுத்துகிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தப்பு செய்யாத பிள்ளையாக வேண்டாம். செய்த உடனே உங்களிடம் ஓடிவந்து சொல்கிற பிள்ளையாக வளருங்கள். அதுக்கு அடி உதவாது. உங்கள் முகம்தான் உதவும். எனவே தவறைத் திருத்துவது மன்னிப்பே, மன்னிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.