பழைய பில் புக்



வேலையை விட்டுட்டு, சர்வீஸ் கடைகளுக்கு வியாபாரம் பெருக்கித் தர்ற தொழிலில் இறங்கினேன். முதலில் வந்தவர் ஏ.சி. மெக்கானிக். விளம்பரம் கொடுக்க மனைவி நகையை அடகு வைக்கக் கிளம்பியிருந்தார்.

"அண்ணே, பொறுங்க. பழைய பில் புக் இருக்கா?" என்றேன். மூன்று வருடத்துப் புத்தகங்கள் மூட்டையாகக் கிடந்தன. பிப்ரவரியில், வெயில் ஏறுமுன், ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். "ஃபில்டர் அடைச்சா காத்து குறையும், கரண்ட் பில் ஏறும். சர்வீஸ் பண்ணிடலாமா?" பாதிப் பேர் கடைப் பெயரையே மறந்திருந்தார்கள்!

வேலை முடிந்த வீடுகளில் கூகுளில் நாலு வரி எழுதச் சொல்லிக் கேட்டோம். அந்தப் பக்கம் இலவசம். (காசு கொடுத்து எழுத வைப்பது அவர்கள் விதிக்கே விரோதம்.)

ஏப்ரலில் இன்னொரு பையனை வேலைக்கு வைத்தார். நகை பீரோவிலேயே இருக்கிறது. என் ஃபீஸில்தான் பாதி பாக்கி. கேட்கக் கூச்சமா இருக்கு.